முதலாண்டின் ஏற்றம்: மருந்தகவியல் பட்டப்படிப்பில் தடுமாறும் வன்னி மாணவர்கள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மருந்தகவியல் பட்டப்படிப்பில் ஒரு மாணவர் பின்தங்குவது பெரும்பாலும் முதலாம் ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறது. உடற்றொழிலியல், உயிர் இரசாயனவியல், மருந்தக இரசாயனவியல், மருந்துக் கணிப்பு என்பன ஒன்றன் பின் ஒன்றாக இடைவெளியின்றி வந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் தவறினால், அந்தப் பாடம் மறுவருடம் புதிய பாடங்களோடு சேர்ந்து திரும்பி வருகிறது. நாலாம் ஆண்டு முடிந்தும் பட்டம் கிடைக்காமல் நிற்கும் ஒரு பிள்ளையின் பெறுபேற்றுத் தாளைப் பின்னோக்கி வாசித்தால் முதல் சறுக்கல் எங்கே நேர்ந்தது என்பது தெரிந்துவிடும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து இப்படிப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்த முதலாண்டு மற்றவர்களுக்கு இருப்பதைவிடச் செங்குத்தான ஏற்றம். அதற்கான காரணங்களைப் பிள்ளைகளின் புத்தியில் தேடிப் பயனில்லை. பாடசாலையிலும் பாடத்திட்டத்திலும் மொழியிலும் வீட்டு வருமானத்திலும் அவை கண்ணுக்குத் தெரியக் கிடக்கின்றன. உதவி போய்ச் சேரவேண்டிய இடங்களும் அவையே.

வன்னியில் உயர்கல்வி இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாகி, பம்பைமடுவில் வளர்ந்து வருகிறது. ஆனால் மருந்தகவியல் பட்டம் இவ்விரண்டு இடங்களிலும் இல்லை. அதைப் படிக்க விரும்பும் வன்னிப் பிள்ளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இணைமருத்துவ விஞ்ஞான பீடத்துக்குப் போகவேண்டும். அல்லது கொழும்பு, பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, றுகுணு ஆகிய பல்கலைக்கழகங்களில் ஒன்றுக்கு. கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். முல்லைத்தீவின் கரையோரக் கிராமங்களிலிருந்து அது நூறு கிலோமீற்றருக்கு மேல். நாளாந்தம் போய்வருவது இயலாத தூரம். ஆகவே படிப்பு என்பது முதலில் வீட்டைவிட்டு வெளியேறுவதாகவும், மாதாமாதம் அறை வாடகை கட்டுவதாகவும் ஆகிவிடுகிறது.

பல்கலைக்கழக அனுமதி இலங்கையில் இசட் புள்ளியின் அடிப்படையில் நடைபெறுகிறது. கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான துறைகளில் 40 விழுக்காடு இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 விழுக்காடு மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்துக்கும், எஞ்சிய 5 விழுக்காடு கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. மேலே சொன்ன மூன்று வன்னி மாவட்டங்களும் இந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் உள்ளன. இதன் நேரடி விளைவு, ஒரே வகுப்பறையில் இருக்கும் மாணவர்கள் வெவ்வேறு வெட்டுப்புள்ளிகளோடு வந்திருப்பது. இதை ஒரு குறையாகச் சுட்டிப் பேசும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது நியாயமற்றது. ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஆசிரியரும் ஆய்வுகூடமும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்பதை அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம் தான் அந்த ஒதுக்கீடு. குறை அந்த ஒப்புதல் நுழைவாயிலோடு நின்றுவிடுவதில் இருக்கிறது. இரண்டு வருட உயர்தரப் படிப்பில் ஏற்பட்ட பள்ளத்தை முதல் அரையாண்டின் பதினைந்து வாரங்களுக்குள் பிள்ளை தானாகவே நிரப்பிக்கொள்ளும் என்று பல்கலைக்கழகம் எதிர்பார்க்கிறது.

அந்தப் பள்ளம் எப்படி உண்டானது என்பதை வன்னியில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. 2008, 2009 ஆண்டுகளின் போர்க்கால இடப்பெயர்வில் பாடசாலைகள் ஊரோடு சேர்ந்து நகர்ந்தன, பிறகு இல்லாமலே போயின. செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாம்களில் தறப்பாளின் கீழ் வகுப்புகள் நடந்தன. இன்று பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் பிள்ளைகள் அப்போது மழலைப் பருவத்தில் இருந்தவர்கள். அவர்கள் படித்த கட்டடங்கள் புதியவை. ஆனால் உயர்தர விஞ்ஞானப் பிரிவுக்கு, அதிலும் பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும், ஆசிரியர்களைத் துணுக்காய், ஒட்டுசுட்டான் போன்ற பகுதிகளில் நிலைத்து நிற்கச் செய்வது இன்றுவரை கடினமாகவே உள்ளது. வசதியுள்ள குடும்பங்கள் பிள்ளையைக் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ தங்கவைத்து டியூஷனுக்கு அனுப்புகின்றன. மற்றப் பிள்ளைகள் பாஸ்ட் பேப்பர்களையும் அச்சிட்ட குறிப்புகளையும் கொண்டு தாமாகவே கரையேறுகிறார்கள். அளவியைக் கையால் பிடித்து நியமிப்புச் செய்து பழகாமல், அதன் படத்தை மட்டும் பார்த்துப் பரீட்சை எழுதியவரும் இவர்களுக்குள் உண்டு. இந்த நிலையிலும் பல்கலைக்கழக அனுமதி பெற்ற பிள்ளைக்குத் திறமை இல்லை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

இதற்குமேல் காலத்தால் ஏற்படும் ஒரு தேய்மானமும் இருக்கிறது. கொரோனாத் தொற்றுக்கும் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்கும் பின் பரீட்சை நாட்காட்டி குலைந்தது. 2021ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியிலும், 2022க்குரியது 2023 ஆரம்பத்திலும் நடந்தன. பரீட்சை எழுதியதற்கும் விரிவுரை மண்டபத்தில் உட்காருவதற்கும் இடையில் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட இடைவெளி விழுகிறது. நகரத்துப் பிள்ளை அந்த நேரத்தில் ஆங்கில வகுப்பும் கணினி வகுப்பும் போய்வருகிறது. வன்னிப் பிள்ளையோ வயலிலும் கடையிலும் ஆடைத் தொழிற்சாலையிலும் உழைக்கிறது, அல்லது ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறது.

மருந்தகவியலில் முதலில் காலை இடறுவது கணிதம். உயிரியல் பிரிவில் படித்தவர்கள் கணிதத்தை ஒரு பாடமாகக் கடைசியாகப் படித்தது க.பொ.த. சாதாரண தரத்தில், பதினாறு வயதில். பல்கலைக்கழகம் வரும்போது இருபது, இருபத்தொரு வயது. இடையில் மடக்கையும் விகிதமும் கைவிட்டுப் போயிருக்கும். வகையீடு அறிமுகமே ஆகியிராது. ஆனால் மருந்து உடலில் எப்படிப் பரவுகிறது, எவ்வளவு வேகத்தில் வெளியேறுகிறது என்பதைக் கற்பிக்கும் பகுதி முழுவதும் மடக்கைக் கோவைகளில் எழுதப்பட்டது. டிகொக்சின் என்ற இதய மருந்தின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ ஒன்றரை நாள். ஒரு மருந்தின் அளவு குருதியில் நிலைப்பட நாலைந்து அரை ஆயுட்காலங்கள் எடுக்கும். ஆகவே இம்மருந்தின் பலனை மதிப்பிட ஏறத்தாழ ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். இதைச் சொல்லால் விளக்கினால் எல்லா மாணவருக்கும் விளங்குகிறது. அதையே அடுக்குக்குறிச் சார்பாகக் கரும்பலகையில் எழுதியவுடன் வகுப்பின் ஒரு பகுதி மௌனமாகிவிடுகிறது. அந்த மௌனத்தை அக்கறையின்மை என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கணிப்புப் பாடத்தில் உள்ள கணக்குகள் தம்மளவில் எளியவை. 12 கிலோகிராம் நிறையுள்ள ஒரு பிள்ளைக்கு, கிலோகிராமுக்கு 15 மில்லிகிராம் வீதம் பரசிற்றமோல் கொடுக்கவேண்டும் என்றால் தேவை 180 மில்லிகிராம். பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே கொடுக்கவேண்டியது 7.5 மில்லிலீற்றர். 95 விழுக்காட்டு மதுசாரத்தையும் 50 விழுக்காட்டு மதுசாரத்தையும் கலந்து 70 விழுக்காட்டுக் கரைசல் செய்யவேண்டுமென்றால் முன்னையதில் நாலு பங்கும் பின்னையதில் ஐந்து பங்கும். இவை சாதாரண தரக் கணிதத்தைத் தாண்டாதவை. ஆனால் அவற்றைப் பிழையில்லாமல், நேர நெருக்கடியில், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வினாவிலிருந்து பிரித்தெடுத்துச் செய்யவேண்டும். மேலே சொன்ன 7.5 என்பதில் தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனால் 75 மில்லிலீற்றர். அது பிள்ளையின் ஈரலைக் கெடுக்கக்கூடிய அளவு. இந்தத் துறையில் பாதி விடைக்குப் பாதிப் புள்ளி என்ற மனநிலை பொருந்தாது. அதனாலேயே கணிப்புக்கு வேறு விதமான கற்பித்தல் தேவைப்படுகிறது. பல நாடுகளின் மருந்தகவியல் பீடங்களில் இப்பாடத்துக்குச் சாதாரண சித்திப்புள்ளி போதாது. மாணவர் ஏறக்குறைய முழுப் புள்ளி எடுக்கும்வரை, வேறு வேறு வினாத்தாள்களில், பல தடவை எழுத அனுமதிக்கப்படுகிறார். தரம் உயர்கிறது, தண்டனை குறைகிறது. பின்தங்கிய பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. முதல் தடவை நாற்பது எடுத்தது பெறுபேற்றுத் தாளில் ஒட்டிக்கொள்ளாது. பிழை எங்கே என்று பார்த்துத் திருத்த நேரம் கிடைக்கிறது.

மொழி அடுத்த தடை. வன்னியிலிருந்து வரும் தமிழ் மாணவர் உயர்தரம் வரை இரசாயனவியலைத் தமிழில் படித்தவர். ஐதாக்கல், செறிவு, நொதியம், தாக்குவிளைவு என்று அவர் சிந்தித்துப் பழகியிருக்கிறார். விரிவுரை முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில். அவருக்குத் தெரிந்த விடயமே தெரியாத உருவத்தில் வந்து நிற்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தென்னிலங்கையிலிருந்து வரும் சிங்கள மாணவர்களும் படிக்கிறார்கள்; அவர்களுக்கும் இதே சிக்கல் வேறொரு கரையிலிருந்து. ஆகவே விரிவுரையாளர் தமிழுக்கு மாறி விளக்குவது வகுப்பில் எப்போதும் இயலாது. செய்யக்கூடியது வேறொன்று: ஒவ்வொரு பாட அலகுக்கும் ஆங்கில, தமிழ், சிங்களச் சொற்களை அருகருகே தரும் இரண்டு பக்கக் கையேடு, அலகு தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே மாணவர் கையில் இருக்கவேண்டும். உயர்தரப் பாடநூலின் எந்தப் பகுதியை மீள வாசித்தால் அந்த விரிவுரை விளங்கும் என்பதையும் அதில் குறிக்கலாம். செலவு மிகச் சொற்பம். பொது ஆங்கில வகுப்பு தனியாகவும் பாடம் தனியாகவும் நடப்பதைவிட, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுப் பிரசுரத்தையும் வைத்தியர் எழுதும் மருந்துத் துண்டையும் கொண்டே ஆங்கிலம் கற்பிப்பது பலன் தரும்.

யாழ்ப்பாணத்துக்கு இந்த மொழிச் சிக்கல் புதியதன்று. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அடுத்த வருடமே மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்; மானிப்பாய் அவருடைய பணியின் மையமாயிற்று. முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். மேலைத்தேய மருத்துவ நூல்கள் அவர் முயற்சியில் தமிழாயின. இரசாயனவியல் நூலான ‘கெமிஸ்தம்’ 1875இல் வெளிவந்தது. மருந்துப் பொருள்களைப் பற்றிய ‘இந்து பதார்த்த சாரம்’ அந்த வரிசையில் வந்தது. கற்றவர்கள் தம் ஊர்களுக்குத் திரும்பி அங்கே வைத்தியம் செய்யவேண்டும் என்பது அவருடைய நோக்கமாக இருந்தது. இன்றைய பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடப்பதை மாற்ற முடியாது. மருந்துகளின் உலக வழக்கும் பதிவும் அம்மொழியில் உள்ளன. ஆயினும் தாய்மொழியில் விளங்கிக்கொண்ட ஒன்றின் மேல் ஆங்கிலத்தைக் கட்டி எழுப்புவது குறுக்கு வழியோ சலுகையோ ஆகாது. இந்த மண்ணில் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்மாதிரி இருக்கிறது.

நேரம் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கவேண்டும். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட்; ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். வருடத்துக்கு 30 கிரெடிட் என்றால் 1500 மணித்தியாலம். பதினைந்து வாரங்கள் கொண்ட இரண்டு அரையாண்டுகளுக்கு அதைப் பிரித்தால் வாரத்துக்கு 50 மணித்தியாலம் வருகிறது. இது முழுநேர வேலை ஒன்றைவிட அதிகம். மாலையில் மூன்று வீடுகளுக்குப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்து அறை வாடகையைக் கட்டும் மாணவர், அந்த 50 மணித்தியாலத்திலிருந்தே அதை எடுக்கிறார். கல்விக் கட்டணம் 1945 முதல் இல்லை. அது பெரிய கொடை. மகாபொல புலமைப்பரிசில் 1981 முதல் இருக்கிறது. மாதம் 5000 ரூபாவாக இருந்த அதன் தொகை 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 7500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வாடகை, சாப்பாடு, பேருந்துக் கட்டணம், இணையத் தரவு, வெள்ளை மேலங்கி, அச்சுப் பிரதி எல்லாவற்றுக்கும் அது போதாது என்பதை எந்தத் தாயும் விரல்விட்டு எண்ணிச் சொல்வார். வன்னியில் பெண் தலைமைதாங்கும் குடும்பங்கள் ஏராளம். நுண்கடன் தவணை கட்டும் வீடுகளும் ஏராளம். அங்கிருந்து வரும் பிள்ளை வீட்டுக்குப் பணம் அனுப்பச் சொல்லி எவரும் கேட்காவிட்டாலும், வீட்டிலிருந்து பணம் கேட்கக் கூசுகிறது.

ஒரு பாடத்தில் தவறினால் நடப்பது என்ன? மீள்பரீட்சை அடுத்த பட்ச் அந்தப் பாடத்தை எழுதும்போதே வருகிறது. மாணவர் தன் இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு முதலாம் ஆண்டுப் பாடத்தையும் எழுதுகிறார். பல பீடங்களில் மீள்பரீட்சையில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் தரம் ‘சி’ என்ற எல்லையைத் தாண்டாது, தரப்புள்ளி 4.0 அளவில் 2.0. பாடத்தின் செய்முறையைத் திரும்பச் செய்ய வாய்ப்பில்லை, விரிவுரை நேரம் புதிய பாடத்தோடு மோதுகிறது. இப்படியாக ஒரு ‘ரிப்பீட்’ இரண்டாகிறது, இரண்டு மூன்றாகிறது. தன் பட்ச் முன்னே போக, தன்னைவிட இளையவர்களோடு பின்வாங்கில் உட்காரும் வெட்கம் இதற்கு மேல். பலர் வகுப்புக்கு வருவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பரீட்சை எழுதும் தகுதியும் போய்விடுகிறது. திறமைக் குறைவு என்று வெளியே தோன்றுவதில் பெரும்பங்கு, விதிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதன் விளைவு.

மனநலம் பற்றிப் பேசாமல் வன்னி மாணவரைப் பற்றிப் பேசுவது முழுமையாகாது. வடபுலத்துச் சமூகத்தின் கூட்டு மனவடுவைப் பற்றி உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் எழுதிய ஆய்வு, காயம் தனிமனிதரில் மட்டும் தங்குவதில்லை, குடும்பத்தின் பேச்சிலும் நம்பிக்கையிலும் ஊரின் உறவுகளிலும் தங்குகிறது என்று காட்டியது. 2009இல் குழந்தையாக இருந்தவருக்கு அந்த நாட்கள் நினைவில் இல்லாதிருக்கலாம். அந்த நாட்களைக் கடந்த தாயும் தகப்பனும் வளர்த்த வீடு நினைவில் இருக்கிறது. காணாமற்போன ஓர் உறவினரின் படம் அந்த வீட்டுச் சுவரில் இருக்கிறது. பரீட்சைக் காலத்தில் நித்திரையின்மை, மனப்பதற்றம், திடீரென வீட்டுக்குப் போய் நின்றுவிடுதல் ஆகியவை வரும்போது மாணவ ஆலோசகர் தண்டிக்கும் அதிகாரியாகத் தோன்றக்கூடாது. விரிவுரையாளரே ஆலோசகராகவும் பரீட்சகராகவும் இருக்கும் இடங்களில் பிள்ளை வாய்திறப்பதில்லை. பரீட்சையோடு தொடர்பில்லாத, பயிற்சி பெற்ற ஒருவர் வளாகத்தில் குறித்த நேரத்தில் இருக்கவேண்டும். அவரிடம் போவது மற்றவர் கண்ணில் படாத இடமாகவும் அது இருக்கவேண்டும்.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் தாங்களே கண்டுபிடித்த உதவி ஒன்று உண்டு: குப்பி. விரிவுரை முடிந்த பிறகு, பரீட்சைக்கு முந்திய இரவுகளில், பாடம் விளங்கிய ஒருவர் விளங்காத சிலரைச் சுற்றி இருத்திச் சொல்லிக்கொடுப்பது. தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் இதை இதே பெயரால் அழைக்கிறார்கள். வன்னியிலிருந்து வந்த எத்தனையோ பிள்ளைகள் பட்டம் பெற்றது குப்பியால்தான். அதன் பலம் தாய்மொழி, கூச்சமின்மை, சமவயது. பலவீனங்களும் உள்ளன. அது பரீட்சைக்கு முந்திய கடைசி வாரத்தில் வருகிறது; அப்போது விளக்கத்துக்கு நேரமில்லை, மனனம் மட்டுமே மிஞ்சும். சொல்லிக்கொடுப்பவர் பிழையாக விளங்கியிருந்தால் பிழை இருபது பேருக்குப் பரவும். இன்னொரு கசப்பும் இருக்கிறது. குப்பியும் பழைய குறிப்புகளும் சீனியர்களின் கையில் உள்ளன. சீனியர்களோடு உறவு பகிடிவதையின் வழியாகப் போகும் இடங்களில், அதற்கு இணங்காத பிள்ளைக்கு உதவியும் மறுக்கப்படுகிறது. பகிடிவதைத் தடைச் சட்டம் 1998 முதல் இருக்கிறது. படிப்புக்கான உதவியைப் பீடமே பொறுப்பெடுத்து எல்லோருக்கும் திறந்துவிட்டால், பகிடிவதையின் பிடியில் ஒரு விரலாவது தளரும்.

குப்பியை ஒழுங்குபடுத்தினால் எப்படி இருக்கும் என்பதற்கு உலகில் நல்ல முன்னுதாரணம் உண்டு. 1973இல் அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிற்றி வளாகத்தில் டியானா மார்ட்டின் ஒரு முறையைத் தொடங்கினார். சுகாதாரத் தொழிற்கல்வி மாணவர்களிடையேதான் அது முதலில் பிறந்தது. முந்திய வருடம் அப்பாடத்தில் நன்றாகச் சித்தியடைந்த ஒரு மாணவர், சம்பளம் பெற்று, அதே விரிவுரைகளில் மறுபடி உட்காருகிறார். வாரந்தோறும் குழு அமர்வுகள் நடத்துகிறார்; அவற்றில் விரிவுரையைத் திருப்பிச் சொல்லாமல், மாணவர்களையே பேசவும் கணக்குச் செய்யவும் வைக்கிறார். இம்முறையின் உயிர்நாடி ஒரு தெரிவில் இருக்கிறது. பலவீனமான மாணவர் யார் என்று அது தேடுவதில்லை; பலர் தவறும் பாடம் எது என்று தேடுகிறது. உதவி அந்தப் பாடத்தோடு ஒட்டிக்கொள்கிறது, எவரும் வரலாம். ‘பின்தங்கியோர் வகுப்பு’ என்று பலகை தொங்கவிட்டால் வரவேண்டிய பிள்ளை முதலில் ஒளிந்துகொள்ளும். பாடத்துக்கென்று நடக்கும் அமர்வுக்கு முதல் இடம் எடுத்தவரும் வருகிறார், நாற்பது எடுத்தவரும் வருகிறார். யார் எதற்கு வந்தார் என்ற கேள்வி எழுவதில்லை.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் யூரி டிறைஸ்மன் என்ற கணிதவியலாளர் நுண்கணிதப் பாடத்தில் தவறிய கறுப்பின மாணவர்களை அவதானித்தார். அவர்கள் சோம்பேறிகள் என்றோ அடிப்படை போதாதவர்கள் என்றோ இருந்த எண்ணத்தை அவருடைய அவதானிப்பு கலைத்தது. அவர்கள் கடினமாகவே உழைத்தார்கள், ஆனால் தனியாக. நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களோ சேர்ந்து படித்தார்கள், ஒருவர் பிழையை ஒருவர் திருத்தினார்கள். டிறைஸ்மன் அமைத்த பட்டறைகளில் சாதாரணக் கணக்குகளைவிடக் கடினமான கணக்குகள் கொடுக்கப்பட்டன. பெறுபேறு உயர்ந்தது. முல்லைத்தீவிலிருந்து ஒரு பாடசாலையின் ஒரே பிள்ளையாக வந்து, வாடகை அறையில் கதவைச் சாத்திப் படிக்கும் மாணவிக்கு இந்த அனுபவம் மிகப் பொருந்தும். யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரிகளிலிருந்து வருபவர்கள் கூட்டாளிகளோடு வருகிறார்கள். வன்னிப் பிள்ளைக்குக் கூட்டாளிகளைப் பீடமே முதல் வாரத்தில் அமைத்துக் கொடுக்கவேண்டும்.

எப்படிப் படிப்பது என்பதையும் கற்பிக்கலாம். குறிப்பை நாலு தடவை வாசிப்பது உயர்தரத்தில் கைகொடுத்த பழக்கம். 2006இல் உளவியலாளர்கள் றோடிகரும் கார்ப்பிக்கேயும் வெளியிட்ட பரிசோதனை, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் தமக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பினாலும், ஒரு வாரத்துக்குப் பின், மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவுவைத்திருந்தார்கள் என்று காட்டியது. மருந்துப் பெயர்கள் இதற்கு ஏற்ற களம். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தை உருவாக்கி, வணிகப் பெயரைவிட மருந்தின் பொதுப் பெயரையே முன்னிறுத்திய நாடு இது. பொதுப் பெயர்களில் ஒழுங்கு இருக்கிறது: ‘ஒலோல்’ என்று முடிபவை இதயத் துடிப்பைத் தணிப்பவை, ‘பிரில்’ என்றும் ‘சாட்டன்’ என்றும் முடிபவை குருதியமுக்கத்துக்கு, ‘ஸ்டற்றின்’ என்று முடிபவை கொழுப்புக்கு. இந்த ஈறுகளை முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்தால் நூற்றுக்கணக்கான பெயர்கள் சில குடும்பங்களாகச் சுருங்கிவிடும்.

இவையெல்லாம் பலிக்க, தவறுதல் நேரும் முன்பே அதைக் காணவேண்டும். இறுதிப் பரீட்சைப் பெறுபேறு வருவது மிகப் பிந்தியே. அதற்குள் அடுத்த அரையாண்டு பாதி போய்விடும். மூன்றாம் வாரத்தில் புள்ளியில் சேராத ஒரு சிறு சோதனை, ஐந்தாம் வாரத்தில் வருகைப் பதிவின் பார்வை, இரண்டிலும் கீழே நிற்பவரோடு பத்து நிமிடத் தனிப் பேச்சு: இவ்வளவு போதும். பேச்சில் கேட்கவேண்டியது ‘ஏன் படிக்கவில்லை’ என்பதன்று. எங்கே தங்கியிருக்கிறார், எத்தனை மணிக்கு அறைக்குப் போகிறார், காலையில் சாப்பிட்டாரா, எந்த அலகிலிருந்து விளங்காமல் போனது என்று கேட்டால் பாதி விடை அங்கேயே கிடைக்கும்.

உதவி என்றால் தரத்தைத் தாழ்த்துவது என்ற அச்சம் விரிவுரையாளரிடையே உண்டு. அச்சத்துக்குக் காரணம் உண்மையானது. வாதநோய்க்கு வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கவேண்டிய மெதொட்றெக்சேற்றை நாளாந்தம் என்று எழுதிக் கொடுத்தால் நோயாளி இறக்கலாம். டிகொக்சினில் மைக்கிறோகிராமையும் மில்லிகிராமையும் மாற்றிவிட்டாலும் அப்படியே. வவுனியாப் பகுதியில் நாட்பட்ட சிறுநீரக நோயாளர் பலர். சிறுநீரகம் பழுதானவருக்கு வழக்கமான அளவே நஞ்சாகும் மருந்துகள் பல உண்டு. ஆகவே கருணைப் புள்ளியால் ஒருவரை மேலே தள்ளிவிடுவது அவருக்கும் உதவியன்று, அவர் கையால் மருந்து வாங்கப்போகும் மக்களுக்கும் நீதியன்று. தரத்தைத் தொடாமல் வழியைச் சீர்செய்யவேண்டும். சித்திப்புள்ளி அப்படியே இருக்கட்டும், அங்கே போய்ச்சேரும் தடவைகளும் நேரமும் துணையும் கூடட்டும்.

அறக்கட்டளைகளும் பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்தோரின் நிதியும் வன்னிக் கல்விக்குச் செய்தவை பெரியவை. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் பல்கலைக்கழக வாசலோடு நின்றுவிடுகிறது. உயர்தரப் பெறுபேறு வந்ததும் பொன்னாடை, மேடை, மடிக்கணினி. ஒன்றரை வருடத்துக்குப் பின் அதே பிள்ளை இரண்டு பாடங்களில் தவறி நிற்கும்போது மேடையில் இருந்த எவருக்கும் அது தெரியாது. சொல்லப் பிள்ளைக்கும் முகமில்லை. நிதியின் ஒரு பகுதியையாவது பின்னுக்கு ஒதுக்கவேண்டும். குப்பி நடத்தும் மாணவருக்கு மணித்தியாலக் கொடுப்பனவு கொடுத்தால், அவர் வீடு வீடாகப் போய்ப் பாடம் சொல்லிக்கொடுக்கும் தேவை குறையும். பின்தங்கிய பிள்ளைக்கும் ஆசான் கிடைப்பார். ஒரே ரூபா இரண்டு பேருக்கு உதவுகிறது. அவசர உதவித்தொகை சிறியதாக இருக்கலாம், ஆனால் விண்ணப்பம், கிராம அலுவலர் உறுதிப்படுத்தல், நேர்முகம் என்று மூன்று மாதம் இழுபடாமல் ஒரு வாரத்துக்குள் கைக்கு வரவேண்டும். மீள்பரீட்சை எழுதுபவர் புலமைப்பரிசிலுக்குத் தகுதியற்றவர் என்ற நிபந்தனையை நிதி வழங்குவோர் நீக்கவேண்டும். உதவி அதிகம் தேவைப்படும் வருடம் அதுதான்.

எல்லாவற்றிலும் பலன் அதிகம் தரக்கூடியது அனுமதிக்கும் முதல் விரிவுரைக்கும் இடையில் வீணாகும் மாதங்களில் நடத்தும் இணைப்புப் பயிற்சி. இடத்துக்குப் பஞ்சமில்லை: அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் விரிவுரை மண்டபங்களும் ஆய்வுகூடங்களும் விடுமுறையில் பூட்டிக் கிடக்கின்றன. ஆறு வாரம் போதும். காலையில் விகிதம், அலகு மாற்றம், மடக்கை, வரைபு. பிறகு அளவியும் குழாயியும் கையில் எடுத்து நியமிப்பு. மாலையில் மருந்துப் பெட்டியிலிருந்து ஆங்கிலம். கற்பிக்க ஆட்களும் உள்ளூரில் உண்டு: கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் பணிபுரியும் மருந்தாளர்கள், இறுதியாண்டு மாணவர்கள். வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகள் வைத்தியசாலையின் வெளிநோயாளர் மருந்து கொடுக்குமிடத்தில் நிற்கலாம். சலரோகத்துக்கும் பிறசருக்கும் ஒரே பையில் ஐந்து வகைக் குளிசை வாங்கிக்கொண்டு, எது காலைக்கு எது இரவுக்கு என்று கேட்கும் முதியவருக்குத் தமிழில், வவுனியாவிலென்றால் சிலவேளை சிங்களத்திலும், பதில் சொல்லும் வேலை எவ்வளவு நுட்பமானது என்பதை அங்கே காணலாம். ஆறாம் வாரத்தின் இறுதியில் நடக்கும் கணிப்புச் சோதனையின் தாள்கள், பிள்ளை சேரப்போகும் பீடத்தின் முதலாம் ஆண்டுப் பொறுப்பாளருக்குப் பிள்ளையின் சம்மதத்தோடு அனுப்பப்படவேண்டும்; மூன்றாம் வாரச் சோதனைக்காகக் காத்திராமல் எந்தப் பிள்ளைக்கு எந்த அலகில் துணை வேண்டும் என்பது அவருக்கு முதல் நாளிலேயே தெரிந்திருக்கும்.